படக்கதையும் சட்டமும்: 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாற்றுப் பின்னணி

1955ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் சிறுவர், இளைஞர் (தீங்கு பயக்கும் வெளியீடுகள்) சட்டத்தை நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டிலேயே, 1956ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாக, அதே பெயருடைய சட்டமொன்று இலங்கையிலும் இயற்றப்பட்டது. படங்களாற் கதை கூறும் வெளியீடுகளே இவ்விரண்டினதும் இலக்கு. பிரித்தானியச் சட்டத்தைப் பழமைவாதிகளின் படைப்பாக மட்டும் கொள்வது எளிது. ஆயின் அதன் பிறப்பில் இடதுசாரிகளுக்கும் கணிசமான பங்குண்டு. அப்பங்கினை மதிப்பிடுவதே இங்கு எமது நோக்கமாகும்.

இச்சட்டத்தின் வேர் ஆபாசம் பற்றிய ஆங்கிலச் சட்டமரபிலே கிடக்கின்றது. 1868இல் ஹிக்ளின் வழக்கில் நீதியரசர் கொக்பேண் ஒரு சோதனையை வகுத்தார். ஒரு வெளியீடு எவர் கைக்கு எட்டக்கூடுமோ, அவர்களுள் எளிதில் வசப்படும் மனத்தினரைச் சீரழிக்கும் போக்கு அதற்கு உண்டா என்பதே அச்சோதனை. நூல் எவர் கைக்கு எட்டும் என்பதை விலையே பெரிதும் தீர்மானிக்கும் சமூகத்தில், இச்சோதனை வர்க்கச் சார்பற்றதாக இருத்தல் இயலாது. கனவானின் நூலகத்து விலையுயர்ந்த பதிப்பு தப்பிவிட, தெருவோரத்து மலிவு வெளியீடு அகப்பட்டுக்கொள்ளும். சில காசுக்குக் கிடைத்த படக்கதை இவ்வகையில் இலகுவான இலக்காயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்கப் படக்கதைகள் பிரித்தானியச் சந்தையிற் பரவின. 1951இல் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சி, அமெரிக்கப் பண்பாட்டு ஊடுருவலை எதிர்த்து மாநாடொன்றை நடத்தியது. பண்பாடு பண்டமாக்கப்படுவதையும் அதன் ஏகாதிபத்திய உள்ளடக்கத்தையும் எடுத்துக்காட்டிய அளவில் அவ்விமர்சனம் அடிப்படையிற் சரியானதே. ஆனால், மார்ட்டின் பார்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவது போல, இயக்கம் விரிந்தபோது கட்சியின் பங்கு மறைக்கப்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பின் மொழி நழுவி, 'குழந்தைகளைக் காப்போம்' என்ற பொதுமொழி அதன் இடத்தைப் பிடித்தது. வர்க்க விமர்சனம் ஒழுக்கப் பீதியாக உருமாறிய கணம் இதுவே எனலாம்.

விளைந்த சட்டமோ குற்றச்செயல், வன்முறை, அருவருப்பான நிகழ்ச்சி ஆகியவற்றைச் சித்திரிக்கும் படக்கதை, முழுமையாக நோக்குமிடத்துச் சிறுவரைக் கெடுக்கும் போக்குடையதாயின், அதனை அச்சிடுவோருக்கும் விற்போருக்கும் நான்கு மாதச் சிறையோ 100 பவுண் அபராதமோ விதிக்கலாம் என்றது. விளைந்த தீங்கினை நிறுவவேண்டியதில்லை. விளையலாம் என்ற ஊகமே போதுமானது. அச்சட்டம் படத்தை நோக்கிற்று. படத்தை உற்பத்தி செய்த உறவுகளை நோக்கவில்லை.

அமெரிக்க அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. படக்கதைகளுக்கு எதிரான இயக்கத்தின் தலையாய குரலாக விளங்கிய உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் பிற்போக்காளர் அல்லர். நியூ யோர்க்கின் ஹாலெம் பகுதியிற் கறுப்பின மக்களுக்கென 1946இல் அவர் தொடங்கிய மருத்துவ நிலையம், மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க்கின் பெயரைத் தாங்கியிருந்தது. எனினும் 1954இல் வெளிவந்த அவரது நூலிற் சிறுவர்களின் கூற்றுகள் திரிக்கப்பட்டிருந்தமையை கரோல் டில்லி 2012இல் நிறுவினார். வேர்தம் வேண்டியது சிறுவருக்கான விற்பனைத் தடை; கிடைத்ததோ வெளியீட்டாளர்கள் தாமே 1954இல் வகுத்த ஒழுக்கக்கோவை. பொலிசாரையும் நீதிபதிகளையும் அரச அலுவலரையும் மதிப்புக் குன்றச் சித்திரித்தலை அது விலக்கியது. இனவேறுபாட்டைக் கண்டிக்கும் கதையொன்றை ஈ.சி. நிறுவனம் 1956இல் மறுபிரசுரஞ் செய்ய முற்பட்டபோது, அதன் நாயகன் கறுப்பினத்தவனாக இருத்தலாகாதென ஒழுக்கக்கோவையின் நிருவாகி ஆட்சேபித்தார். வெளியீட்டாளர் பணிய மறுத்தமையாலேயே அக்கதை மாற்றமின்றி வெளிவந்தது.

பிரித்தானியாவில் ஆபாசச் சட்டத்தின் முனை 1971இல் எதிர்ப்பண்பாட்டு ஏடுகளின்மீது திரும்பிற்று. பள்ளி மாணவர் பங்கேற்ற 'ஒஸ்' இதழில், சிறுவர்க்குப் பழக்கமான ரூபேட் கரடியின் தலை அமெரிக்க ஓவியர் றொபேட் கிறம் வரைந்த பாலியற் சித்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் மூவரும் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்ததாகவும் குற்றஞ்சாட்டப்பட்டனர். சதிக் குற்றச்சாட்டு வீழ்ந்தபோதும் ஆபாசக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது.

இவ்வரலாறு தாராண்மைவாதிகளின் 'கருத்துச் சுதந்திரம்' முழுமையானது என்று எம்மைச் சொல்ல வைக்காது. அச்சகமும் விநியோகமும் மூலதனத்தின் கையில் இருக்கையில் அச்சுதந்திரம் பெரிதும் உடையோரின் சுதந்திரமே. 1842இல் மார்க்ஸ் இவ்விரு முனைகளையும் ஒருங்கே கண்டார். செயலையன்றி மனப்போக்கைத் தண்டிக்கும் பிரஷ்ய தணிக்கையை அவர் சாடினார். அதே ஆண்டிற் பத்திரிகையை வெறும் வணிகமாகக் கருதுவதையும் மறுத்தார். 1950களின் பிரித்தானிய இடதுசாரிகள் இரண்டாவதை நினைவிற் கொண்டு முதலாவதைக் கைவிட்டனர்.

நச்சுப் பண்பாட்டை எதிர்ப்பது விமர்சகனின் கடன். அதற்குரிய கருவிகள் விமர்சனம், மாற்றுப் படைப்பு, மக்கள் கல்வி என்பனவே. தீர்ப்பளிக்கும் உரிமையை அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம், அரசு எந்த வர்க்கத்தினது என்ற வினாவை மறந்துவிடுகின்றது. இலங்கையின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய முற்படுவோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.