குளியலறைத் தளக்கற்கள் (திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்)

குளிக்கும் இடத்தில் நீர் ஊறாமலும் கால் வழுக்காமலும் இருப்பதற்காகத் தரையிலும் சுவரிலும் பதிக்கப்படும் கல், ஓடு, வண்ணச் சில்லு ஆகியவை. ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் கடந்து, கொல்லைக் கிணற்றடியில்தான் குளியல். கருங்கல் பாவிய தரையும் ஒரு துவைகல்லும் அதற்குப் போதும். காவிரியில் நீராடுவோருக்கு அம்மா மண்டபப் படித்துறை இருந்தது.

வீட்டுக்குள் குளியலறை அமைக்கும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் மிகத் தொன்மையானது. மொகஞ்சதாரோவின் வீடுகளில் சுட்ட செங்கற்களை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கிக் குளியல் மேடை அமைத்தனர். நீர் வடிகாலுக்கு ஓடும்படி அதற்கு வாட்டமும் கொடுத்தனர். சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அங்குள்ள பெருங்குளத்தில், நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. நெருக்கமான இணைப்பு, வாட்டம், கசிவுத் தடுப்பு என்ற அந்த மூன்றும் இன்றைய கொத்தனாருக்கும் அடிப்படை விதிகள். குளியல் தரையில் சில்லுகளால் சித்திரம் தீட்டும் கலையை ரோமானியர் தங்கள் பொதுக் குளியற்கூடங்களில் வளர்த்தனர்.

திருச்சி வட்டாரத்தில் வண்ணத் தளக்கல்லுக்குப் பெயர்பெற்றது செட்டிநாடு. அங்குள்ள வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் மாளிகைகளுக்கு இங்கிலாந்து, ஜப்பான் ஓடுகளை இறக்குமதி செய்தனர். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய சிமெண்டுப் பூக்கல் முறை, காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கைத்தொழிலாக வேரூன்றியது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவர். அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவிக் கலவையால் நிரப்பி மட்டம் செய்வர். பின் சில நாள் தொட்டி நீரில் ஊறவைப்பர். சூளை கிடையாது. உலர்ந்ததும் கண்ணாடி தானே விடுபடும்; கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. இந்த வட்டாரத் தளங்களில் அழகில் இதற்கு நிகரில்லை.

அடுத்து வந்தவை காவி நிறச் சிவப்பு ஆக்சைடுத் தரையும் மொசைக் தரையும். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகியபின் இயந்திரத்தால் தேய்த்து, ஆக்சாலிக் அமிலத்தால் மெருகேற்றுவதே மொசைக்.

சிமெண்டுக் கல்லும் மொசைக்கும் கடும் அமிலம் பட்டால் அரிக்கப்படும். ஆகவே கழிப்பறை ஆசிட்டை அவற்றின்மேல் ஊற்றலாகாது. ஆத்தங்குடிக் கல் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். ஷவருக்கு அடியில் அதைப் பதிப்பது தவறு, முகம் கழுவும் உலர்ந்த பகுதிக்கே அது ஏற்றது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில், குளிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பான சிறு டைல்ஸே வேண்டும். இணைப்புக் கோடுகள் மிகுதியானால் காலுக்குப் பிடிப்பும் மிகும். தரைக்கு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வாட்டம் தேவை. நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு உட்பட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரத்தைத் தாங்கும். ஆனால் கண்ணாடிபோல் மெருகிட்டவற்றைத் தரையில் இடக்கூடாது. முதியோர் உள்ள வீட்டில் அது ஆபத்து.

இன்று இந்தியாவின் பீங்கான் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் உற்பத்தியாகிறது; ஆத்தங்குடியிலும் கைவேலை தொடர்கிறது.