மகாவலி போய்ச் சேரும் ஊர்

கண்டியில் வளர்ந்த நமக்குக் கடல் எட்டாத் தூரத்தில் உள்ள ஒன்று. ஆயினும் பேராதனைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலி, தனது 335 கிலோமீற்றர் பயணத்தை முடித்துக் கடலில் கலப்பது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில். கண்டி இராச்சியத்தின் கடல்வாசல்களுள் ஒன்றாக விளங்கியதும் அதுவே.

1639இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் துணையுடன் திருகோணமலைக் கோட்டையிலிருந்து போர்த்துக்கேயரை அகற்றினான். புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்த றொபேட் நொக்ஸ், 1660இல் அம்மன்னனின் ஆட்களிடம் சிக்கி, 19 ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்தார். தப்பிச் சென்று 1681இல் அவர் வெளியிட்ட நூல், நம் ஊர்களின் அன்றைய வாழ்வுக்கு இன்றும் சாட்சி.

1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள் புகுந்தனர். மறு ஆண்டு உடன்படிக்கையில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன்பின் உப்புக்கும் கண்டி பிறர் தயவை நாடியது. திருகோணமலை 1795இல் பிரித்தானியர் வசமானது; 1815இல் கண்டியும் அவ்வாறே. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் போர்த் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியபோது, பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் நின்றது.

எமது பள்ளிக்காலம் யுத்தகாலம். தேசப்படத்தில் திருகோணமலையைக் குறித்தோமேயன்றிச் சுற்றுலா சென்றதில்லை. விடுதியில் எம்முடனிருந்த திருமலைத் தோழி, விடுமுறைக்கு வீடு போய்த் திரும்பியதும் வழியிலிருந்த சோதனைச்சாவடிகளை விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள்.

அண்மையில் மாத்தளை, தம்புள்ளை, கந்தளாய் வழியாக அவளைக் காணச் சென்றேன். கோட்டைக்குள் மான்கள் இன்றும் வீதியை மறித்துப் படுத்திருக்கின்றன. நண்பகலில் கடைத்தெரு கண்ணயர்கிறது. ஆனால் 'பாதை'யில் ஏறிக் கடந்த கிண்ணியாத் துறையில் 2009 முதல் பாலம் நிற்கிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விடுதிகள் நெருங்கிவிட்டன. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ இந்திய நிறுவனத்துடன் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022இல் ஒப்பந்தமாயிற்று.

"பாலம் வந்தது நல்லதுதான் அக்கா. கரைவலை இழுக்கிற ஆக்களுக்கு இனி எங்க இடம்?" என்று தோழியின் தங்கை கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

1766இல் கரையோரம் கைமாறியபோது அங்கு வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அந்த உடன்படிக்கையில் தேடிப் பயனில்லை. கீழ்க்கரையிலிருந்து வந்து இக்கல்லூரியில் பயின்ற சகோதரிகளே, நீங்கள் எங்கிருந்தாலும் உங்கள் ஊரையும் துறையையும் நினைவிலுள்ளபடி எழுதி வையுங்கள். அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் அதைத் தேடுவார்கள்.