எதிர்க்குறியைத் துடைக்கலாமா? திறந்த குவாண்டம் அமைப்புகளை அளப்பது குறித்து

குவாண்டம் கணினியில் ஒரு குவிட்டை நான்கு தொடக்க நிலைகளில் தயாரித்து, ஒவ்வொன்றையும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளில் அளந்தால், அதன் உருமாற்றத்தைச் சொல்லும் 4×4 அணி கிடைக்கிறது. அதில் எதிர்க்குறி ஐகன் மதிப்பு தலைகாட்டினால் அளவைப் பிழை என்று கருதி, மிக அருகிலுள்ள, எதிர்க்குறி ஐகன் மதிப்பே இல்லாத முழுநேர்ம அணியை அதனிடத்தில் வைப்பது வழக்கம். இந்த வழக்கம் சில வேளைகளில் பிழையோடு தரவையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

சர்ச்சை பழையது. முழுநேர்மம் கட்டாயமல்ல என்று 1994ல் ஆய்வாளர் பெச்சுகாஸ் எழுத, 1995ல் அலிக்கி மறுத்தார். ஆனால் சரியாக வாசிக்கப்படாமல் கிடப்பது, ஜோர்டன், ஷாஜி, சுதர்சன் மூவரும் 2004ல் தந்த இரண்டு குவிட் எடுத்துக்காட்டு.

அதில் ஒரு குவிட் அமைப்பு, மற்றது சூழல். முதலாவதன் இசட் கூறு, இரண்டாவதன் எக்ஸ் கூறோடு வினைபுரிகிறது. ஐபிஎம்மின் முந்தைய மீக்கடத்திக் கணினிகள் பலவற்றில் கிராஸ் ரெசனன்ஸ் வாயிலை இயக்கியதும் இதே இடைவினைதான். இந்த இடைவினையில் கால் சுற்று முடிந்ததும் அமைப்பின் இசட் கூறு அப்படியே இருக்கும். ஒய் கூறோ, இரு குவிட்டுகளின் எக்ஸ் கூறுகளுக்கிடையே தொடக்கத்தில் இருந்த ஒட்டுறவுக்குச் சமமாகிவிடும். அந்த ஒட்டுறவு 1 என்று வைப்போம். அணியின் சுவடு 2 எனில் ஐகன் மதிப்புகள் 1.207, −0.207, ஒவ்வொன்றும் இருமுறை. இசட் கூறு 0.6 உள்ள நிலையை உள்ளே இட்டால், வெளிவரும் திசையனின் நீளம் சுமார் 1.17. குவிட்டின் நிலைகள் எல்லாம் அடங்க வேண்டிய, ஆரம் 1 உள்ள புளோக் கோளத்தைத் தாண்டிவிட்டது! ஆகவே இந்த உருமாற்றமே பொருளற்றது என்கிறது அந்தத் தவறான வாசிப்பு.

அந்த 0.6 எங்கிருந்து வந்தது? எக்ஸ் ஒட்டுறவு 1 என்றால் இசட் கூறு பூச்சியமாகத்தான் இருக்க முடியும். இல்லாத நிலையை உள்ளே இட்டுவிட்டு, வந்த விடையைக் குறை சொல்வதில் பயனில்லை. உருமாற்றம் செல்லுபடியாகும் எல்லையை அந்த மூவரே வரையறுத்திருக்கிறார்கள்.

குவிட்டைப் புதிதாகத் தயாரிக்கும்போது ஒட்டுறவு அறுந்துவிடுமே என்பார்கள். தயாரிப்பு குறையற்றதாக இருந்தால் அறுந்துவிடும். நடைமுறையில் சில வேளைகளில் ஒட்டுறவுள்ள குவிட்டையே சுழற்றுகிறோம். அந்த ஒட்டுறவும் கூடவே வருகிறது.

எல்லா எதிர்க்குறியும் ஒட்டுறவால் வந்தது என்று சொல்வதற்கில்லை. புள்ளியியல் பிழையாக இருந்தால், அளவீடுகளை நான்கு மடங்காக்கினால் அது ஏறத்தாழப் பாதியாகும். தயாரிப்பு, அளவீட்டுக் கருவிகளின் பிழை அப்படிக் குறையாது. அதைப் பிரித்தறிய வேறு வழி உண்டு. இடைவினையின் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். அரைச் சுற்றில் இந்த இடைவினை இரு குவிட்டுகளின் தனித்தனிச் சுழற்சியாகச் சுருங்கிவிடுவதால், ஒட்டுறவால் வந்த எதிர்க்குறி அங்கே மறைந்தாக வேண்டும். கருவிப் பிழைக்கு அப்படி மறையக் காரணம் எதுவுமில்லை.

இந்தச் சோதனையைச் செய்யத் திருத்தப்படாத அணி வேண்டும். ஆய்வகங்கள் திருத்திய அணியை வெளியிடும்போது, திருத்துவதற்கு முந்தையதையும் தயாரிப்பு முறையையும் உடன் வெளியிட வேண்டும்.