தவளத்து மாடு முதல் டீசல் லொறி வரை: பதுளை ஏற்றத்தின் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. லொறி, வேன், த்ரீவீலர் வைத்துத் தொழில் செய்யும் நம் ஊர்ச் சகோதரர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

டீசல் விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் 2022இல் இருந்துதான் ஆரம்பிக்கிறோம். ஆனால் ஊவாவில் சரக்கு ஏற்றி இறக்குவது எப்போதுமே செலவான வேலைதான். கண்டி இராச்சிய காலத்தில் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்று ஒரு திணைக்களம் இருந்தது. அதில் பெரும் பங்கு முஸ்லிம்களுக்கு. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே வரும், மலையிலிருந்து பாக்கு கீழே போகும். எல்லாம் பொதி மாட்டின் முதுகில். அந்த மாட்டு வரிசைக்குப் பெயர்தான் தவளம். இந்த வேலைக்கு அன்று எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். 1817இல் வெல்லஸ்ஸ பகுதி முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்காரை மடிகே முஹந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். ஊவா கிளர்ச்சியைப் பற்ற வைத்த பொறிகளில் அந்த நியமனமும் ஒன்று. (அது தனிப் பதிவாக எழுத வேண்டிய கதை.)

தவளக்காரருக்கு எரிபொருள் புல்லும் தண்ணீரும்தான். மாட்டின் முதுகு புண்ணானால் பயணம் அதோடு நின்றது. இன்றைய கராஜ் பாஷையில் அதுவும் ‘மெயின்டனன்ஸ்’தானே!

பிறகு கோப்பி வந்தது, கூடவே வண்டிப் பாதைகளும் வந்தன. 1869இல் இலை நோய் கோப்பியைப் பிடித்துப் படிப்படியாக அழிக்க, தேயிலை அந்த இடத்தை எடுத்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தூரத்துக்குச் சுமந்துபோக யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஸ்டோர் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னையில் 1890இல் எழும்பிய தொழிற்சாலையும் அப்படித்தான், மலைகளுக்கு நடுவில். செங்குத்தான தோட்டங்களில் மேலே இருந்து ஸ்டோருக்குக் கம்பி இழுத்து, கொழுந்து மூட்டைகளை அதில் தொங்கவிட்டு இறக்கினார்கள். எஞ்சின் வேண்டாம், மூட்டையின் பாரமே அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது.

ரயில் அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளைக்கு வர இன்னும் முப்பது வருடம், 1924 ஏப்ரல் 5. இத்தனை காலம் ஏன் எடுத்தது என்று கேட்டால், எல்லயையும் தெமோதரையையும் போய்ப் பார்த்தாலே விளங்கும். பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தில் நிற்கும் பாதை பதுளைக்கு வருவதற்குள் 1,200 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். 44 அடிக்கு 1 அடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால்தான் தெமோதரையில் பாதை சுற்றி வளைந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சரிவோடு சண்டை பிடிக்காமல் சுற்றிப் போனார்கள். நமது லொறிக்கு அந்த வசதி இல்லை. ரோட்டு எப்படிப் போகிறதோ அப்படித்தான் ஏற வேண்டும்.

இனி 2022. 2021 டிசம்பரில் டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் 26இல் 460 ரூபா. காசு இருந்தும் செட்டில் எண்ணெய் இல்லை, நாள் கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் வாரத்துக்கு த்ரீவீலருக்கு 5 லீற்றர், லொறிக்கு 50. பதுளையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 460 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் சின்ன லொறிக்கு 57 லீற்றருக்கு மேல் வேண்டும், அதாவது கோட்டாவில் வீடு வந்து சேர முடியாது. அதே லொறி 9க்குக் கொஞ்சம் மேலே ஓடினால் சேரலாம். அந்த ஒரு கிலோமீற்றர் வித்தியாசத்தில்தான் வெலிமடை மரக்கறியும் கடைச் சாமானும் தங்கியிருந்தன.

அந்த ஒரு கிலோமீற்றர் எங்கே கிடைக்கும்? பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. காலையில் டயர் குளிராக இருக்கும்போது காற்றைப் பார்ப்பது, எயார் ஃபில்டரைக் காலத்துக்குச் சுத்தம் செய்வது, கறுப்புப் புகை வந்தால் நொசிலைக் காட்டுவது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பண்டாரவளையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தும்போது நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சூடாக இருந்தால் அதில் ப்ரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டீசலும் போகிறது, லைனிங்கும் போகிறது. ஏற்றத்தில் வளைவுக்கு முன்பே கியரை மாற்றிவிட்டு, ஒரே சீராக ஏற வேண்டும். திணறத் திணற மேல் கியரில் இழுத்தால் மிச்சமாகும் என்று நினைப்பது வீண்.

இந்தப் பதிவை எழுதக் காரணமே அடுத்த விசயம்தான். எண்ணெய் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை பக்கமும், பசறையிலிருந்து லுணுகலை பக்கமும். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். டீசல் வாகனத்தைக் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், இறங்கும் வேகமே எஞ்சினைச் சுழற்றும். பழைய பம்ப் ஆனாலும் புதிய எலக்ட்ரோனிக் பம்ப் ஆனாலும் அப்போது எண்ணெயை வெட்டிவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும். அதோடு பாரம் முழுவதும் ப்ரேக்கின் தலையில் விழுகிறது. ப்ரேக் சூடேறினால் பிடி தளரும். எஞ்சினை நிறுத்தினால் பவர் ஸ்டியரிங்கும் இல்லை, ப்ரேக்குக்கு உதவும் வெக்கியூமும் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்வது இதனால்தான்.

2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து எத்தனை வீடுகள் இருண்டன என்று நமக்குத் தெரியும். அதன் காரணத்தை இங்கே பேச வரவில்லை. அந்தப் பாதையில் ஒரு சறுக்கலுக்கு என்ன விலை என்பதைத்தான் சொல்கிறோம். வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். ஐம்பது ரூபா டீசல் மிச்சமாகும் என்ற நினைப்பில் உயிரை விரயம் செய்வது எந்தக் கணக்கு?

கியூஆர் முறை 2023 செப்டெம்பர் 1ஆம் திகதியோடு நின்றது. அந்தக் காலத்தில் டயர் கேஜ் வாங்கி வைத்த சகோதரர்கள் அதை இன்னும் பாவிக்கிறீர்களா?

உங்கள் வாப்பா, அப்பாமார் தவளம் ஓட்டிய, கரத்தை ஓட்டிய, தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிய கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் இன்னும் சந்தோசம். பிள்ளைகளுக்குக் காட்டச் சேர்த்து வைக்கிறோம்.