குழுத் தொடர்பாளர்

ஒரு தொழிலைச் சார்ந்தோர் கூடி அமைத்த சங்கத்தில், தம்மை நியமித்த குழுவின் கருத்தை மற்றொரு குழுவிடம் எடுத்துரைத்து, அங்கு நடப்பனவற்றைத் தம் குழுவுக்கு உரிய காலத்தில் அறிவிக்கும் பொறுப்பை ஏற்றவர் குழுத் தொடர்பாளர் எனப்படுவார். செல்லும் குழுவில் பேசவும், கருத்தை எழுத்து மூலம் சமர்ப்பிக்கவும் இவருக்கு உரிமை உண்டு. வாக்குரிமை பெரும்பாலும் இராது.

அவசியம்: சங்கம் சிறியதாக இருக்கும்வரை அங்கத்தினர் யாவரும் ஓரிடத்தில் அமர்ந்து எல்லா விஷயங்களையும் பேசித் தீர்த்துக்கொள்வர். அது வளர்ந்து, அலுவல்கள் பலவாகி, ஒவ்வொன்றுக்கும் தனிக்குழு ஏற்பட்டபின், ஒரு குழு நன்கு ஆராய்ந்து செய்த தீர்மானமே அடுத்த குழுவின் வேலைக்கு இடையூறாக முடிவதுண்டு. இரு குழுக்களிலும் திறமைக்குக் குறைவில்லை. ஒன்றன் காரியம் மற்றொன்றுக்கு வேளையில் தெரியாததே குறை. அக்குறையை நீக்குவதற்கென ஏற்பட்டதே இப்பதவி.

அமெரிக்க நூலகச் சங்கம்: 1876ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தோன்றிய இச்சங்கம், தொடர்பாளர் முறை விரிவாக வளர்ந்த ஸ்தாபனங்களுள் ஒன்று. நூல்களைப் பட்டியலில் எவ்வாறு வருணிக்க வேண்டும் என்னும் விதிகளை ஆராய்வதற்கு அங்கே ஒரு குழு உண்டு. வாக்குரிமை பெற்ற அங்கத்தினரோடு, இசை, சட்டம், கலை, நிலப்படம் ஆகிய துறைகளின் நூலகர் அமைப்புகளிலிருந்து வரும் தொடர்பாளர்களும் அதில் அமர்வர். பட்டியற் செய்திகளைக் கணிப்பொறி ஏற்கும் வடிவில் பதிவதற்கான 'மார்க்' என்னும் முறையை, 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் அம்மையாரின் தலைமையில் உருவாக்கினர். அம்முறையில் செய்யவேண்டிய மாறுதல்களைப் பரிசீலிக்க, சங்கத்தின் மூன்று பிரிவுகள் சேர்ந்து 'மார்பி' என்ற தனிக்குழுவை நடத்திவந்தன. விதியை வகுப்பது ஒரு குழு, அவ்விதிப்படி எழுதியதைப் பதிய இடம் வகுப்பது மற்றொரு குழு என்றிருந்தமையால், இவற்றிடையே தொடர்பாளர் இன்றியமையாதவராயினார்.

ஓர் உதாரணம்: பழைய வழக்கப்படி, நூல் வெளியான ஊர், வெளியிட்டவர் பெயர், ஆண்டு ஆகியன 'மார்க்' பதிவில் 260 என்னும் எண்ணுள்ள புலத்தில் ஒருசேர இடம்பெற்றன. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.டி.ஏ. என்னும் புதிய விதித்தொகுப்போ, ஆக்கம், வெளியீடு, விநியோகம், அச்சு முதலிய உற்பத்தி, பதிப்புரிமை ஆண்டு என்பனவற்றை வெவ்வேறு செய்திகளாகப் பிரித்துக் கூறியது. பழைய புலத்தில் இப்பிரிவினையைத் தெளிவாகக் காட்ட வழியில்லாமையால், 2011ஆம் ஆண்டில் 264 என்னும் புலம் சேர்க்கப்பட்டது. அதன் இரண்டாம் குறியீட்டில் 0 முதல் 4 வரையுள்ள இலக்கங்கள் அவ்வைந்தையும் முறையே குறிக்கும். விதி மாறிப் புலம் மாறாதிருந்தால், பட்டியலாளர் விதியை அறிந்தும் அதன்படி எழுத இடமின்றித் திகைத்திருப்பர். புலம் மாறி விதி மாறாதிருந்தால் அதை நிரப்ப ஒன்றுமிராது.

கடமைகள்: கூட்டத்துக்கு முன்னரே இரு குழுக்களின் நிகழ்ச்சி நிரலையும் படித்து, ஒன்றிலுள்ள எந்த விஷயம் மற்றதைப் பாதிக்கும் என்று குறித்துக்கொள்வது தொடர்பாளரின் முதற்கடமை. கூட்டத்தில் தம் குழுவின் அபிப்பிராயத்தை அது முடிவு செய்த அளவிலேயே கூறவேண்டும்; குழு ஆராயாத வினா எழுமாயின், கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொள்வதே முறை. தம் சொந்தக் கருத்தைச் சொல்ல நேர்ந்தால், அது தம்முடையதே என்று வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். பின்னர் அனுப்பும் அறிக்கையில் எது விவாதம், எது தீர்மானம், எது ஒத்திவைக்கப்பட்டது, எதற்கு எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பன தனித்தனியே விளங்கவேண்டும்.

இவை யாவற்றிலும் காலமறிதலே தலையாயது. 'மார்க்' முறையை மாற்ற விரும்புவோர் முதலில் வாக்கெடுப்பு இல்லாத விவாதக் கட்டுரை ஒன்றை முன்வைத்து, அதன்மேல் எழும் கருத்துகளை ஏற்றுத் திருத்தி, பிறகே வாக்கெடுப்புக்குரிய முன்மொழிவைக் கொண்டுவருவது பெருவழக்கு. கட்டுரை நிலையிலேயே தம் குழுவை எச்சரிக்கும் தொடர்பாளரின் ஒரு வாக்கியம் முன்மொழிவின் போக்கையே திருப்பிவிடக்கூடும். முன்மொழிவு வந்தபின் எழுதும் நீண்ட கண்டனமோ பெரும்பாலும் குறிப்பேட்டில் பதிவாவதோடு நின்றுவிடும்.

பிற ஸ்தாபனங்களில்: 1947ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பிலும் இம்முறை உண்டு. அடுத்தடுத்த துறைகளில் உழைக்கும் தொழில்நுட்பக் குழுக்கள் ஒன்றன் பணியை மற்றொன்று கவனிக்கப் பார்வையாளரை நியமிக்கின்றன. அவர் விவாதத்தில் கலந்துகொள்ளலாம், வாக்களிக்கலாகாது என்பது அதன் விதி.

வாக்கின்மையும் நம்பிக்கையும்: வாக்குரிமை இல்லாமையைக் குறையெனக் கருதுவோர் உளர், ஆனால் அதுவே இப்பதவியின் பலமாகும். வாக்களிப்பவர் ஒரு பக்கம் சார்ந்தே தீரவேண்டும். தொடர்பாளரோ, தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் சற்றும் குறைக்காமல் எடுத்துரைப்பார் என்ற நம்பிக்கையை இரு குழுக்களிடமும் பெறமுடியும். அந்த நம்பிக்கை ஒருமுறை குலைந்தால், அவரது அறிக்கைகளை யாரும் ஆதாரமாகக் கொள்ளமாட்டார்கள்.

பிற்கால மாறுதல்கள்: மார்பி குழு 2013ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு, 'மார்க்' ஆலோசனைக் குழு அப்பணியைத் தொடர்ந்தது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவுகள் சில இணைந்து 'கோர்' என்னும் ஒரே பிரிவாயின. குழுக்கள் இவ்வாறு பெயரும் அமைப்பும் மாறும்போது பழைய விவாதங்களின் காரணங்கள் மறைந்துபோதல் எளிது. ஆதலின் பதவிக்காலம் முடியும் தொடர்பாளர், முடியாது நிற்கும் விஷயங்களையும் அவற்றின் வரலாற்றையும் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்த பின்னரே தம் கடமையை நிறைவேற்றியவராவார்.