எம்ஜிபி பொறிக்கான மாற்றுப் பிஸ்டன்கள்

எம்ஜிபி என்பது பிரித்தானியாவில் 1962 முதல் 1980 வரை உற்பத்தி செய்யப்பட்ட விளையாட்டுத் தானுந்து ஆகும். இதன் 1798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறியைப் புதுப்பிக்கும்போது, தேய்ந்த உருளைகளைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அவற்றுக்கேற்ற மிகையளவுப் பிஸ்டன்கள் பொருத்தப்படுகின்றன.

உருளையின் மூல உள்விட்டம் 80.26 மி.மீ. ஆகும். தேய்மானம் எங்கும் சீராக இராது; மேல் வளையம் திரும்பும் இடத்திலேயே அது மிகுதி. எனவே பல உயரங்களில் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பின்னரே மிகையளவு முடிவு செய்யப்படும். 0.020, 0.030, 0.040, 0.060 அங்குல அளவுகள் வழக்கமானவை. கடைசி அளவில் கொள்ளளவு ஏறத்தாழ 1868 கன செ.மீ. ஆகிறது. இச்சிறு ஆதாயத்துக்காக முதல் முறையிலேயே 0.060 அங்குலம் குடைவது சிக்கனமன்று; அடுத்த புதுப்பிப்புக்கு உருளைச் சுவரில் இடமிராது. தேய்மானத்தை முழுதும் நீக்கும் மிகச் சிறிய அளவே போதுமானது.

பிஸ்டன்களை வாங்கிய பிறகே உருளைகள் குடையப்பட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாது ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியைக் கூட்டியே குடைவு விட்டம் கணக்கிடப்படுகிறது. அடித்து உருவாக்கிய பிஸ்டன்கள் பொதுவாக வார்ப்புப் பிஸ்டன்களைவிட மிகுதியாக விரிவடைவன. வார்ப்புக்குரிய இடைவெளியில் அவற்றைப் பொருத்தினால், சூடேறியதும் உருளையில் இறுகிச் சுவரைக் கீறிவிடக்கூடும். பந்தயத்தில் ஓடாத வண்டிக்கு நல்ல வார்ப்புப் பிஸ்டனே போதும்.

பிஸ்டன் தலையிலுள்ள குழிவு அமுக்க விகிதத்தை மாற்றும், இப்பொறி 8.8:1, 8.0:1 ஆகிய விகிதங்களில் விற்கப்பட்டது. பிஸ்டன் முள்ளைப் பிணைக்கும் முறையும் இடையில் மாற்றப்பட்டமையால், பொறி எண்ணைப் பாராது வாங்கிய பிஸ்டன் இணைப்புத் தண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.