வேலூர் மறுவாழ்வுப் பணியும் பட்டறிவின் ஆறுதலும்

தென்னிந்திய மருத்துவ அருட்பணியின் வரலாற்றை எழுதியோர் மருத்துவமனைகளின் தோற்றத்தையும் அவற்றை நிறுவியோரின் தியாகத்தையும் விரிவாகக் கூறியுள்ளனர். ஆனால் உடலுறுப்பின் ஆற்றலை இழந்தவரின் உள்ளம் பட்ட பாட்டையும், அவ்வுள்ளத்தைத் தேற்றியவர் யார் என்பதையும் பற்றி அவர்கள் எழுதியது சொற்பமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுப் பணியை இந்நோக்கில் நாம் சற்று ஆராய்வோம்.

1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் இயங்கச் செய்யலாம் எனக் காட்டினார். இஃது உலகறிந்த செய்தி. அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்றும் உண்டு. கை சீராகி வீடு சென்றவருள் சிலர், சில காலம் கழித்து முன்னிலும் வாடிய முகத்தோடு திரும்பி வந்தனர். நோயின் அடையாளத்தால் வேலை கிடைக்கவில்லை. கை நன்றாக இருந்தமையால் பிச்சையும் கிடைக்கவில்லை. மருத்துவர் நலம் எனக் கண்டது நோயாளிக்குப் புதிய துன்பமாயிற்று. பிராண்ட் இதை மறைக்காமல் எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது. தொழில் கற்பிக்கும் நவஜீவ நிலையம் இப்பட்டறிவின் பயனாகவே உருவாயிற்று எனலாம். மன வேதனைக்கு மனத்துள் மட்டும் மருந்து தேடுவது வீண் என்பதை வேலூர் இவ்வாறு கற்றது.

அடுத்த பாடம் 1954ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. கொச்சிப் பகுதியில் பிறந்து, அக்கல்லூரியில் பயின்று, மகளிர் மருத்துவத்தில் நாட்டம் கொண்டிருந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், உல்லாசப் பயணம் ஒன்றின்போது வாகன விபத்தில் சிக்கினார். முகம் சிதைந்தது, முதுகுத் தண்டு அடிபட்டுக் கால்கள் உணர்விழந்தன. பின்னர் அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் ஆற்றப்பட்ட பிரசங்கங்களும் அவரது வெற்றியை நோக்கி விரைந்து செல்கின்றன. நாம் அவ்வாறு விரைதல் ஆகாது. பல மாதப் படுக்கையும், அடுத்தடுத்த அறுவைகளும், இனித் தாம் எதற்கு என்னும் வினாவும் அவர் வாழ்வில் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஓர் அற்புதப் பெண்மணியின் படமே. படுத்திருக்கும் மற்றொருவருக்கு அப்படம் ஆறுதல் தராது. தாம் அவ்வாறு இல்லையே என்ற ஏக்கத்தையே கூட்டும்.

அவரை மீட்டது அறிவுரையன்று, வேலை. கை அறுவை அமர்ந்தபடியே செய்யக்கூடியது என்பதை பிராண்ட் சுட்டிக்காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யலானார். தம்மினும் நடக்க இயலாத ஒருவர் தம் கையைச் சீர்படுத்துகிறார் என்பதை நோயாளிகள் கண்டனர். எத்தனை தேற்றுமொழிகள் கூறினும் இக்காட்சிக்கு ஈடாகா. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

எனினும் பட்டறிவு மட்டுமே போதும் என்று அவர் எண்ணவில்லை. நமது கருத்தில் இதுவே அவரது வரலாற்றின் நடுநாயகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நாடு திரும்பி 1963இல் வேலூரில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் சிதைந்தோர் அங்குப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், படுக்கைப் புண்ணைத் தவிர்க்கவும், தொழில் பழகவும் கற்றனர். கற்பித்த குழுவின் தலைவரே அவற்றையெல்லாம் தம் உடலில் கற்றவர். 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார்.

அதே 1972ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், இளம்பிள்ளை வாதத்தால் கைகால் இயக்கம் இழந்த எட் ராபர்ட்ஸும் தோழர்களும் தற்சார்பு வாழ்வு மையம் ஒன்றை அமைத்தனர். ஊனமுற்றவருக்கு ஊனமுற்றவரே ஆலோசகராக இருப்பது அங்கு ஒரு முறையாகவே வகுக்கப்பட்டது. வேலூரில் ஒரு மருத்துவரின் வாழ்வில் அமைந்தது, பெர்க்லியில் உரிமைக் கோரிக்கையாக எழுந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. வேலூரில் ஆறுதல் மருத்துவமனையிலிருந்து நோயாளிக்குச் சென்றது. பெர்க்லியிலோ மருத்துவமனையின் பிடியிலிருந்து விடுபடுவதே முதற்படியாயிற்று. மருத்துவர் அல்லாத ஓர் ஊனமுற்ற கூலித் தொழிலாளி பிறருக்குத் துணைநிற்க இயலுமா என்ற வினாவுக்கு மேரி வர்கீஸின் வரலாறு மட்டும் விடை தராது.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை தனது 26ஆம் பிரிவில், ஒத்த நிலையினர் ஒருவருக்கொருவர் அளிக்கும் துணையை மறுவாழ்வின் வழிகளுள் ஒன்றாகப் பெயர் சுட்டிச் சொல்கிறது. இந்தியா அதனை 2007இல் ஏற்றது; அதையொட்டி 2016இல் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் துணையாளர் ஒருவர் மற்றொருவரைக் காணச் செல்ல வழி வேண்டுமே! மருத்துவமனையை விட்டு ஊர் திரும்பியவர் வாசற்படியிலேயே மறுபடியும் நோயாளியாகிறார். சக்கர நாற்காலியை நால்வர் தூக்கினால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலையில் உள்ள ஆலயங்கள் நம்மிடையே இன்னும் உண்டு.